சான்றிதழோடு வந்த நாய்க்குட்டி ஷோவுக்கு ஆகுமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெடிக்ரி சான்றிதழ் உள்ள குட்டியை வாங்கினால் கண்காட்சியில் நிறுத்தலாம்தானே?

நிறுத்த வாய்ப்புண்டு. ஆனால் குட்டி நன்றாக இருக்கிறது என்று அந்தச் சான்றிதழ் சொல்லவில்லை. அதன் தாய் தகப்பன், முன்னோர் யார் என்று மட்டுமே சொல்கிறது. முதலில் மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லி, வரும் 15 இலக்க எண்ணைத் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அடுத்து முன்னோர் வரிசையைப் படியுங்கள். ஒரே பெயர் இரு பக்கமும் வருகிறதா? ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டை இணைத்திருந்தால் உள்ளினச்சேர்க்கை விகிதம், அதாவது நெருங்கிய உறவுக்குள் இணைத்ததன் அளவு, 25 சதவீதம். தாயோ தகப்பனோ மட்டும் ஒன்றென்றால் 12.5. இது ஏற ஏற பரம்பரை நோய்கள் தலைகாட்டும். பதிவின் வகையையும் கேளுங்கள். அமெரிக்கன் கென்னல் கிளப்பில் ‘லிமிடெட்’ பதிவு பெற்ற நாய், உடலமைப்பை அந்த இனத்தின் தரத்தோடு ஒப்பிடும் இனத்தர ஷோவில் இறங்க முடியாது. பணம் கொடுத்தபின் இது தெரியவந்தால் பயனில்லை.

கேள்வி: எட்டு வாரக் குட்டிகளில் ஷோவுக்கானதை எப்படிப் பொறுக்குவது?

குட்டியைத் தொடும் முன் தாயைப் பாருங்கள். அந்நியரைக் கண்டு ஒடுங்குகிற அல்லது உறுமுகிற தாயின் ஈத்தில் எதையும் எடுக்காதீர்கள். அந்தச் சுபாவம் ரத்தத்திலும் வரும், பால்குடி நாட்களில் பார்த்துப் பழகியும் வரும். தாயைக் காட்டத் தயங்குகிறார்களா, அப்படியே திரும்பிவிடுங்கள்.

பெரிய இனம் என்றால் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே முடிவு வேண்டும். சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. முறையில் ஏ முதல் ஈ வரை தரம். ஏ குறையற்றது, ஈ மோசமானது. குட்டி ஓடியாடுவதை வைத்து இடுப்பைக் கணிக்க முடியாது.

இனி குட்டி. அது தானாக நடந்துவந்து நிற்கும் கணத்தைக் கவனியுங்கள்; கையால் நிறுத்திக் காட்டினால் குறை மறைந்துவிடும். முன்னங்கால் நேராக விழுகிறதா, முதுகு நடக்கும்போதும் தளராமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்தால் பால்பல் 28. பெரும்பாலான இனங்களில் மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி முன்னால் மூட வேண்டும். பாக்ஸர், புல்டாக் போன்றவற்றில் கீழ்த்தாடைதான் முன்னால். ஆனால் நிரந்தரப் பல் 42-ம் முளைத்துத் தாடை வளர்ந்து முடிவதற்குள் இது மாறலாம். கடுவனுக்கு இரண்டு விரையும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஷோவில் தகுதி போய்விடும்.

ஷோதான் குறி என்றால், எட்டு வாரத்தில் அவசரப்படாமல், பிரீடர் தனக்கென வைத்து வளர்க்கும் ஆறேழு மாதக் குட்டியைக் கேட்டுப் பாருங்கள் என்பதே எங்கள் யோசனை. விலை கூடும், பல்லும் விரையும் நடையும் கண்ணெதிரே இருக்கும்.

‘அபூர்வ நிறம்’ என்று கூடுதல் விலை சொன்னால் இனத் தர வரையறையைத் திறந்து பாருங்கள். பல நேரம் அந்த நிறம் அதில் இருக்காது. வெளிறிய நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் மெர்ல் நிறம் உள்ள இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி அந்த மரபணுவை இருவரிடமிருந்தும் பெற்று இரட்டை மெர்லாகப் பிறக்கும். காது கேளாமையும் கண் குறையும் வரக்கூடியவை அவைதான். தெரிந்தே அப்படி இணைப்பது அந்த உயிர்களுக்குச் செய்யும் கொடுமை.

கேள்வி: ரிங்கில் (ஷோ நடக்கும் களத்தில்) நடக்கப் பழக்கும்போது எங்கள் நாய் ஆடி ஆடி நடக்கிறது. ஏன்?

ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து எழுகின்றன. இதை ‘பேசிங்’ என்பார்கள். நடுவர் பார்க்க விரும்புவது எதிரெதிர் கால்கள் சேர்ந்தெழும் ‘ட்ராட்’. நீங்கள் மெதுவாக நடந்தாலும், நாய் களைத்திருந்தாலும் பேசிங் வரும். நின்று, சிறு வட்டம் போட்டு, சற்று வேகமாகத் தொடங்குங்கள். ட்ராட்டில் விழுந்ததும் பாராட்டுங்கள். வாரை மேலே இறுக்கிப் பிடிப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. முன்னங்கால் தரையைச் சரியாகத் தொடாமல் நடையே கெட்டுப்போகும்.

நாய் எப்போதும் உங்கள் இடப்பக்கம். ரிங்கை இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அப்போதுதான் நடுவில் நிற்கும் நடுவருக்கும் நாய்க்கும் இடையே நீங்கள் வரமாட்டீர்கள். நடுவர் பார்க்க அசையாமல் நிறுத்தும்போது முன்னங்கால்களை முதலில் வையுங்கள், பிறகு பின்னங்கால்கள், கணுவுக்குக் கீழ்ப்பகுதி தரைக்குச் செங்குத்தாக. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மட்டும் ஒரு பின்னங்கால் முன்னால் வரும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். வாயையும் விரையையும் அந்நியர் தொட்டுப் பார்க்க இப்போதே பழக்குங்கள். தயாரில்லாத நாய் நடுவர் கையில் மிரண்டுபோகும்.

கேள்வி: எந்த வயதுப் பிரிவில் பெயர் கொடுப்பது?

எஃப்.சி.ஐ. ஷோவில் ஜூனியர் 9 முதல் 18 மாதம், இன்டர்மீடியட் 15 முதல் 24 மாதம், ஓபன் 15 மாதத்துக்கு மேல், வெட்டரன் 8 வயதுக்கு மேல். ஷோ நாளன்று உள்ள வயதே கணக்கு.

கேள்வி: கம்பிபோல் சொரசொரப்பான ஒயர் முடி டெரியரை ஷோவுக்கு முந்தைய நாள் குளிப்பாட்டலாமா?

வேண்டாம், முடி மென்மையாகிவிடும். கால், தாடி மட்டும் கழுவுங்கள். உடல் முடியை மெஷினால் வெட்டினாலும் சொரசொரப்பும் நிறமும் போய்விடும். முதிர்ந்த முடியைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். புதுமுடி வளர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஷோ தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.