‘டவுட்’டா, ‘சஸ்பெக்ட்’டா? ஒத்த பொருளுடைய ஆங்கிலச் சொற்களில் எதைத் தேர்வது?

கேள்வி: அலுவலகத்தில் ஆங்கில மின்னஞ்சல்களும் அறிக்கைகளும் எழுதும் பொறுப்பில் இருக்கிறேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் இருப்பதற்காக, ஒத்த சொற்களின் பட்டியலைப் பார்த்து மாற்றி எழுதுவது என் வழக்கம். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் அவை எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான் இருக்கிறது. ஆனாலும் என் மேலதிகாரி சில சொற்களைச் சுழித்து, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறார். அண்மையில் ‘டவுட்’, ‘டிமாண்ட்’, ‘காஸ்’ ஆகிய மூன்றையும் சுழித்திருந்தார். சரியான சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: தமிழில் ஒரே பொருள்தான் இருக்கிறது என்று நீங்கள் குறிப்பிட்ட இடத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. ஒரு தமிழ்ச் சொல்லின் எல்லையும் ஓர் ஆங்கிலச் சொல்லின் எல்லையும் அரிதாகவே ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ‘கேள்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி காதில் விழுவதும், கவனித்துக் கேட்பதும், வினா கேட்பதும் நமக்கு ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலமோ இவற்றை ‘ஹியர்’, ‘லிசன்’, ‘ஆஸ்க்’ என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளி வயதிலேயே பழகிவிட்டதால் இந்த மூன்றை நாம் குழப்பிக்கொள்வதில்லை. பின்னாளில் அகராதியின் வழியாக மட்டும் அறிமுகமான சொற்களில்தான் தடுமாறுகிறோம்.

உங்கள் மூன்று சொற்களில் மிகுந்த கவனம் வேண்டுவது ‘டவுட்’. ‘சந்தேகம்’ என்ற நம் சொல் நம்பாமையையும் குறிக்கும், ஒருவர் மேல் ஐயுறுவதையும் குறிக்கும், பாடத்தில் புரியாத இடத்தையும் குறிக்கும். ‘ஐ டவுட் தட் ஹீ டுக் த ஃபைல்’ என்று எழுதினால், கோப்பை அவர் எடுத்திருக்க மாட்டார் என்றே நீங்கள் கருதுவதாகப் பொருள். அவர்தான் எடுத்திருப்பார் என்று ஐயுறுவதாகச் சொல்ல வேண்டுமானால் அங்கே ‘சஸ்பெக்ட்’ வர வேண்டும். இரண்டுக்கும் தமிழில் ‘சந்தேகப்படு’ என்றே அகராதி சொல்லக்கூடும். ஆனால் ஒன்று குற்றச்சாட்டு, மற்றொன்று ஏறக்குறைய அதன் மறுப்பு. விளக்கம் கேட்பதற்கு ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று எழுதுவது இந்திய ஆங்கிலத்தில் இயல்பாகிவிட்டது. அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழக்கை அறியாத வெளிநாட்டு வாசகருக்கு, அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்ற எண்ணம் எழலாம் என்பதால், அவருக்கு எழுதும்போது ‘கொஸ்டின்’ என்ற எளிய சொல்லே பாதுகாப்பானது.

‘டிமாண்ட்’ சொல்லைப் புரிந்துகொள்ளத் தொல்காப்பியமே துணைக்கு வருகிறது. ஒரு பொருளை வேண்டிப் பெறுவதற்கான ஈ, தா, கொடு ஆகிய மூன்று சொற்களையும் சொல்லதிகாரத்தின் எச்சவியல் பிரித்துக் காட்டுகிறது: தாழ்ந்தோன் கேட்பது ‘ஈ’, ஒத்தோன் கேட்பது ‘தா’, உயர்ந்தோன் கேட்பது ‘கொடு’. கேட்கப்படும் பொருள் ஒன்றே என்றாலும், கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் உள்ள உறவு சொல்லை மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்திலும் ‘ஆஸ்க்’ பொதுவானது, ‘ரிக்வெஸ்ட்’ பணிவும் முறைமையும் கொண்டது, ‘டிமாண்ட்’ உரிமையை நிலைநாட்டி, மறுப்பை ஏற்க மாட்டேன் என்ற தொனியில் கேட்பது. வாடிக்கையாளரிடம் விவரம் கேட்கும் கடிதத்தில் ‘வீ டிமாண்ட்’ என்று எழுதினால், நீங்கள் நினைத்திராத ஒரு சண்டை அங்கே தொடங்கிவிடும். இந்தச் சொல்லின் பிரெஞ்சு மூலத்துக்கு வெறுமனே ‘கேள்’ என்றுதான் பொருள். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அதில் கடுமை ஏறியது. ஆகவே பிரெஞ்சு பேசுவோருக்கும் இது ஒரு கண்ணி.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சொல்லையும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்பது தமிழில் கனிவான முடிப்பு. அதை அப்படியே ‘எக்ஸ்பெக்ட்’ கொண்டு ஆங்கிலமாக்கினால், ‘பதில் வந்தாக வேண்டும்’ என்ற அதட்டல் கேட்கும். கடித முடிவில் ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதோ, நம்பிக்கை மட்டும் தெரிவிக்கும் ‘ஹோப்’ என்பதோ பொருந்தும்.

மூன்றாவதான ‘காஸ்’ சற்று நுட்பமானது. உண்டாக்குவது, காரணமாக அமைவது என்று அகராதி தரும் பொருளில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல் வழக்கமாகச் சேரும் துணை சேதம், தாமதம், நோய், சிக்கல் போன்ற தீயவை. பயிற்சியால் ஏற்பட்ட முன்னேற்றத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தினால், இலக்கணம் சரியாக இருந்தும் காதுக்கு உறுத்தும். நம்மிடமும் இது உண்டு: ‘விபத்து நேர்ந்தது’ என்போம், ‘திருமணம் நேர்ந்தது’ என்று எழுத மாட்டோம். நல்ல விளைவுகளுக்கு ‘லெட் டு’ என்பதையோ ‘பிராட் அபௌட்’ என்பதையோ பயன்படுத்துங்கள்.

இப்படிச் சொற்கள் சேரும் துணையைப் பொருள் விளக்கத்திலிருந்து ஊகிக்க முடியாது. வாக்கியங்களைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பலமாகப் பெய்யும் மழை ஆங்கிலத்தில் ‘ஹெவி’, பலமாக வீசும் காற்று ‘ஸ்ட்ராங்’. தமிழிலும் கனமழை, பலத்த காற்று என்கிறோமே தவிர, கனக்காற்று என்பதில்லை. தவறு ‘பிக்’ ஆக இருக்கும், எண்ணிக்கை ‘லார்ஜ்’ ஆக இருக்கும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, மெய்யான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் திரட்டிய பெருந்தரவை அடிப்படையாகக் கொண்டது இதற்காகவே. அயல்மொழியாளருக்கென ஆக்கப்பட்ட இத்தகைய ஆங்கிலம்–ஆங்கில அகராதி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளைப் படிப்பதோடு நில்லாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களையும், முறைசார்ந்தது, இகழ்ச்சியானது என்று அருகில் தரப்படும் குறிப்புகளையும் படியுங்கள்.

அந்தக் குறிப்புகள் இரண்டு வகை வேறுபாடுகளைத் தெளிவாக்கும். ஒன்று மதிப்பீடு: ‘திரிஃப்டி’ சிக்கனத்தைப் பாராட்டும், ‘ஸ்டிஞ்சி’ கஞ்சத்தனத்தைப் பழிக்கும், செலவு செய்யாத செயல் இரண்டிலும் ஒன்றே. மற்றொன்று மொழியின் மட்டம்: 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்களும், பிறகு இலத்தீன் சொற்களும் பழைய ஆங்கிலச் சொற்களின் அருகில் வந்து குடியேறியதால், ‘பிகின்’ இருக்க ‘கமென்ஸ்’ வந்தது, ‘பை’ இருக்க ‘பர்சேஸ்’ வந்தது. பழையவை எளிமையாகவும் வந்தவை முறைமையாகவும் ஒலிக்கின்றன. எனவே நண்பருக்கு எழுதும் குறுஞ்செய்தியில் ‘கமென்ஸ்’ விறைப்பாகத் தெரியும்.

ஒத்த சொற்பட்டியலை நான் வெறுக்கவில்லை. மருத்துவரான பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட தெசாரஸ் சொற்களைக் கருத்து வாரியாகக் குழுக்களாக்கியதேயன்றி, அவற்றுக்குப் பொருள் விளக்கம் தரவில்லை. தெரிந்த, ஆனால் அந்நேரம் நினைவுக்கு வராத சொல்லை மீட்டெடுக்க அத்தகைய பட்டியல் உதவும். அதில் முதன்முதலாகச் சந்திக்கும் சொல்லை அன்றே கடிதத்தில் இட்டுவிடாதீர்கள். நான்கைந்து வாக்கியங்களிலாவது அது புழங்கும் விதத்தைப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

சொல் திரும்ப வருகிறதே என்ற உங்கள் கவலையைப் பொறுத்தவரை, அறிக்கையிலும் ஒப்பந்தத்திலும் அதைக் குறையாகவே கருத வேண்டாம். முதல் பத்தியில் ‘ஃபீ’ என்று குறிப்பிட்ட தொகையை மூன்றாம் பத்தியில் ‘சார்ஜ்’ என்று மாற்றினால், வாசிப்பவர் அவை இரண்டு தனித்தனித் தொகைகள் என்று எண்ணி, இரண்டாவது எவ்வளவு என்று கேட்டு உங்களுக்கே கடிதம் எழுதுவார்.