சோபாவில் தூங்கினாலும் கணக்கில் உண்டு

கேள்வி: கலிஃபோர்னியாவில் வாடகை அபார்ட்மெண்டில் இருக்கிறோம். மகன் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாம் வருடம். அவனுடைய நண்பன் ஒருவன், இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், வயது 20. இரண்டு மாதமாகக் காரில் தூங்குகிறான் என்பது போன வாரம்தான் தெரிந்தது. பின் சீட்டில் தலையணை, கப் ஹோல்டரில் டூத்பிரஷ். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவன். நிதியுதவிக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்கிறார்களாம், அவர்கள் போட மாட்டார்களாம். "நான் ஹோம்லெஸ் எல்லாம் இல்லை ஆன்ட்டி" என்கிறான். எங்கள் ஹாலில் தங்க வைக்கலாமா? அவன் அப்பாவிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா? – ஒரு வாசகி

பதில்: தாராளமாகத் தங்க வையுங்கள். இன்றைக்கே கூப்பிடலாம். விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்று உங்கள் லீஸில் எழுதியிருக்கும், அதை மட்டும் முதலில் எடுத்துப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொல்வதற்கு முன்னால் மேனேஜரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

"ஹோம்லெஸ் இல்லை" என்கிறானே, அந்த வார்த்தையில்தான் அவன் படிப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு ஹோம்லெஸ் என்றால் பாலத்துக்கு அடியில் அட்டைப்பெட்டி. சட்டத்தின் பார்வை வேறு. 1987இல் பிறந்து இன்று மெக்கின்னி-வென்டோ என்று அழைக்கப்படும் சட்டத்தின் கல்விப் பகுதி, இரவு தங்க நிலையான, போதுமான இடம் இல்லாத பிள்ளைகளையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. கார், மோட்டல் மட்டுமில்லை. வீடு போய், வேறு வழியில்லாமல் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பதும் அதில் வரும். நிதியுதவி விண்ணப்பமும் ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் சோபாவுக்கு அவன் வந்துவிட்டதால் அவனுடைய உரிமை ஒன்றும் போய்விடாது. தனியாள் என்றும் அவன் நினைக்க வேண்டாம். 2019-20இல் மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் எடுத்த ஆய்வில், முந்தைய 30 நாளில் வீடில்லாமல் இருந்ததாகச் சொன்ன இளநிலை மாணவர்கள் 8 சதவீதம்.

நான் படித்த காலத்தில் ஒருவன் தினமும் ஈரத் தலையோடு வகுப்புக்கு முதல் ஆளாக வருவான். காலையிலேயே ஜிம்முக்குப் போய்விட்டு வருகிறான், என்ன சுறுசுறுப்பு என்று பாராட்டினோம். குளிக்க அவனுக்கு வேறு இடம் இல்லை என்பது கோர்ஸ் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சரி, கையெழுத்து விஷயம். ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம் 24 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தைக் கேட்கும். ஆனால் பெற்றோர் துணையில்லாமல், வீடும் இல்லாமல் இருப்பவர்களுக்கென்று அதிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே ஆம் என்று சொல்லி, அதைக் கல்லூரியும் ஏற்றுக்கொண்டால் அவன் 'இண்டிபெண்டன்ட்' மாணவன். அப்பாவின் வருமானமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசு உதவித்தொகையான பெல் கிராண்டின் உச்சவரம்பு 2024-25இல் 7,395 டாலர். அவன் சொந்த வருமானத்தை மட்டும் பார்த்தால் பெரும்பகுதி, ஏன் முழுவதுமே கிடைக்கக்கூடும்.

அவனுக்கு வீடில்லை என்பதை உறுதி செய்வது யார்? தங்குமிடம் நடத்துபவர்களோ டிரியோ போன்ற, வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டங்களின் ஊழியர்களோ எழுதித் தரலாம். அவன் யாரிடமும் போனதில்லை என்பதால் அந்தக் கடிதம் இருக்காது. பரவாயில்லை, கல்லூரியின் நிதியுதவி அலுவலகமே அவனிடம் எழுதி வாங்கியோ நேரில் பேசியோ முடிவெடுக்க வேண்டும். வீட்டை விட்டு ஏன் வந்தாய் என்ற காரணத்தை வைத்து மறுக்க இடமில்லை. கவுன்டரில் இருப்பவர் பழக்கதோஷத்தில் "பேரண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு வா" என்றால், வீடில்லாத மாணவர்களுக்கான தொடர்பு அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். 2016இல் வந்த கலிஃபோர்னியா சட்டப்படி அப்படி ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டும்.

அவன் எழுதுவது ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியிலிருந்து வீட்டில் இல்லை, காரை எங்கெங்கே நிறுத்தித் தூங்கினான், இப்போது எங்கே இருக்கிறான். அப்புறம் நீங்களும் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்: இன்ன தேதியிலிருந்து எங்கள் ஹாலில் தங்கியிருக்கிறான், வாடகை வாங்கவில்லை, இது தற்காலிக ஏற்பாடு. "பாவம், ரொம்ப நல்ல பையன்" என்பதெல்லாம் அதில் வேண்டாம். நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஒருமுறை முடிவாகிவிட்டால், நிலைமை மாறாதவரை அதே கல்லூரியில் அடுத்தடுத்த வருடங்களுக்கும் அது பொதுவாகச் செல்லும்.

அதே அலுவலரிடம் இன்னும் இரண்டு கேட்கலாம். ஒன்று, வகுப்புகளை முன்கூட்டியே பதிவு செய்யும் முன்னுரிமை. இன்னொன்று குளியலறை. ஷவர் வசதி உள்ள கம்யூனிட்டி காலேஜ்கள் வீடில்லாத மாணவர்களுக்கு அதைத் திறந்துவிட வேண்டும் என்பதும் 2016இல் வந்த சட்டம்தான். கல்லூரி பார்க்கிங்கில் இரவு காரை நிறுத்த அனுமதிக்கும் மசோதா 2019இல் வந்து நிறைவேறாமல் போனது. லாங் பீச் சிட்டி காலேஜ் காத்திருக்காமல் 2021இல் தானாகவே தொடங்கியது. உங்கள் கல்லூரியிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள், உங்கள் ஹாலில் இடமில்லாத நாளுக்கு உதவும்.

குறைந்த வாடகை அபார்ட்மெண்ட் என்று யாராவது ஆசை காட்டினால் கொஞ்சம் கவனம். குறைந்த வாடகைக்கு விடுவதற்காக அரசின் வரிச்சலுகையில் கட்டிய வீடுகளில், முழுநேர மாணவர்கள் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு, சில விதிவிலக்குகள் தவிர, இடம் கிடையாது. தனியாகக் குடியேற நினைக்கும் முழுநேர மாணவனை இது நேராகத் தாக்கும். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக அப்பா. நம்மவர்களுக்குச் சமாதானம் பேசிவைக்கக் கை துறுதுறுக்கும், எனக்கும்தான். வேண்டாம். வீட்டில் என்ன நடந்தது என்று அவன் உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான். நீங்கள் போன் செய்தது தெரிந்தால் அன்று ராத்திரியே மறுபடி காருக்குப் போய்விடுவான். அவனாகவே "ஆன்ட்டி, அப்பாகிட்ட பேசுறீங்களா" என்று கேட்டால் பேசுங்கள். அதுவரை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுங்கள், தலையணையையும் டூத்பிரஷையும் காரிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள்.