கணக்கேடு சாட்சி சொல்லும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் நண்பர் ஒருவரும் கூட்டாகத் தொழில் நடத்துகிறோம். கொள்முதலும் கணக்கும் அவர் பொறுப்பு. விற்பனை என் பொறுப்பு. விற்பனை கூடிக்கொண்டே போகிறது, லாபமோ தேய்ந்துகொண்டே வருகிறது. ஆண்டுதோறும் தணிக்கை நடக்கிறது. ஆடிட்டர் இதுவரை குறை எதுவும் சொன்னதில்லை. தடயவியல் கணக்காய்வாளரை அழைக்கச் சொல்கிறார்கள். தணிக்கையில் தெரியாதது அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பதில்: இருவர் கையிலும் இருப்பவை அதே ஏடுகள்தான், அவற்றை நோக்கி எழுப்பும் கேள்வி வேறு. நிதி அறிக்கை மொத்தத்தில் தொழிலின் நிலையை நியாயமாகக் காட்டுகிறதா என்று கருத்துரைப்பதே ஆண்டுத் தணிக்கையின் வேலை. அதற்காக ஆடிட்டர் பரிவர்த்தனைகளில் ஒரு பகுதியை மாதிரியாக எடுத்துப் பார்ப்பார். நிர்வாகம் தரும் வவுச்சரும் இன்வாய்ஸும் ஒழுங்காக இருந்தால், ஐயத்துக்குக் காரணம் தோன்றாதவரை, அவற்றை ஏற்றுக்கொள்வார். தடயவியல் கணக்காய்வாளர் குறிப்பிட்ட ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஆவணமே பொய்யாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறார். ஆகவே ஆவணத்தைக் கொடுத்தவரோடு நின்றுவிடாமல், அது உண்டான இடத்துக்கே போய் விசாரிக்கிறார்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இத்தாலியின் பர்மலாட் நிறுவனமே சான்று. அதன் கேமன் தீவுத் துணை நிறுவனத்தின் பெயரில் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் ஏறக்குறைய 395 கோடி யூரோ இருப்பதாகக் காட்டும் கடிதம் ஒன்றைத் தணிக்கையாளர்கள் நம்பியிருந்தார்கள். அப்படி ஒரு கணக்கே தங்களிடம் இல்லை என்று 2003 டிசம்பரில் வங்கி சொன்னபோதுதான் கடிதம் போலி என்பது வெளிப்பட்டது. 2020-இல் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்திலும், பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகக் காட்டப்பட்ட 190 கோடி யூரோ அங்கே இல்லை. காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்று அந்த வங்கிகளே கூறின. இரண்டு நிறுவனங்களிலும் பல ஆண்டுகளாகத் தணிக்கை அறிக்கைகள் முறைப்படி கையெழுத்தாகி வந்தன.

உங்கள் தொழிலில் கொள்முதல் பக்கம்தான் ஆராயப்பட வேண்டியது என்றால், நிபுணர் முதலில் உங்களுக்குச் சரக்கு வழங்குவோரின் பட்டியலை எடுப்பார். அவர்களில் எவருடைய வங்கிக் கணக்கு எண்ணோ, முகவரியோ, தொலைபேசி எண்ணோ உங்கள் ஊழியர் ஒருவருடையதோடு அல்லது கூட்டாளியின் உறவினருடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒரே வழங்குநரிடமிருந்து மாதக்கணக்கில் வந்த இன்வாய்ஸ்களின் எண்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து அமைந்திருந்தால், அந்த நிறுவனத்துக்கு உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை என்று பொருள்படலாம். ஒப்புதல் தேவைப்படும் வரம்புக்குச் சற்றுக் கீழே தொகைகள் குவிந்திருந்தால், அதையும் குறித்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுத்த ஒவ்வொரு கொள்முதலுக்கும் சரக்கு உண்மையிலேயே வந்து இறங்கியதா என்பதைச் சரக்கு வரவுப் பதிவேட்டிலும் வண்டிச் சீட்டிலும் தேடுவார். காகிதத்தில் மட்டும் வந்த சரக்கு, கிடங்கிலும் இருக்காது, விற்பனையிலும் இருக்காது.

ஆனால் லாபம் குறைந்ததற்கு மூலப்பொருள் விலை உயர்வோ, விற்பனையைக் கூட்டுவதற்காக நீங்களே கொடுத்த தள்ளுபடியோ காரணமாக இருக்கலாம். நல்ல நிபுணர் இத்தகைய குற்றமற்ற காரணங்களைத்தான் முதலில் சோதித்து விலக்குவார். அந்தச் சோதனையைச் செய்யாத அறிக்கை நீதிமன்றத்தில் முதல் குறுக்கு விசாரணையிலேயே சாய்ந்துவிடும்.

உங்கள் நிலையில் இருப்பவர்கள் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. எனவே இதை அழுத்திச் சொல்கிறேன். நண்பரிடம் இப்போதே போய் நேருக்கு நேர் கேட்டுவிடாதீர்கள்; குற்றம் உண்மையானால் ஏடுகள் மறையும், பொய்யானால் நட்பு முறியும். அவருடைய கணினியைத் திறந்து கோப்புகளைத் தேடாதீர்கள். திறந்த மாத்திரத்திலேயே கோப்புகளின் தேதியும் நேரமும் மாறிப்போகக்கூடும். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, மூலமும் நகலும் ஒன்றே என்று காட்டும் ஹாஷ் மதிப்பைப் பதிவு செய்து, அது யார் யார் கைமாறியது என்று எழுதி வைப்பது அதற்கென்று பயிற்சி பெற்றவரின் வேலை. முதலில் வழக்கறிஞரைச் சந்தித்து, அவர் வழியாக நிபுணரை நியமியுங்கள்; பல நாடுகளின் சட்டத்தில், அவ்வாறு நியமித்தால்தான் தொடக்க ஆய்வின் குறிப்புகளை எதிர்த்தரப்புக்குக் கொடுக்காமல் பாதுகாத்துக்கொள்ள இடமுண்டு.

கேள்வி: நான் கணக்கியல் மாணவி. பென்ஃபர்டு விதியைக் கொண்டு பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். அந்த முடிவை மட்டும் வைத்து ஒருவர்மேல் குற்றத்தை மெய்ப்பிக்க முடியுமா?

பதில்: முடியாது. இயல்பாக விளையும் பலவகை எண் தொகுதிகளில் முதல் இலக்கமாக 1 ஏறத்தாழ 30 விழுக்காடும், 9 ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகவும் வரும் என்பதுதான் அந்த விதி. 1881-இல் வானியலாளர் சைமன் நியூகம்பும், 1938-இல் இயற்பியலாளர் ஃபிராங்க் பென்ஃபர்டும் இதை எழுதினார்கள். மனத்தில் தோன்றியபடி தொகைகளை எழுதுகிறவர் இந்தப் பரவலை அறியாமல் மீறிவிடுகிறார் என்பது உண்மையே. எனினும் நிலையான விலை உள்ள பொருள்கள், உச்சவரம்பு உள்ள செலவுகள், சிறிய எண்ணிக்கையிலான பதிவுகள் ஆகியவையும் எந்தக் குற்றமும் இல்லாமலே அதை மீறும். எங்கே தோண்டுவது என்பதை விதி காட்டும். புதைந்திருப்பதை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

மெய்ப்பிப்பதற்கு, பதிவையும் அதை எழுதிய மனிதரையும் பணம் போய்ச் சேர்ந்த இடத்தையும் ஒன்றாக இணைக்க வேண்டும். அமெரிக்கக் குற்றக் கும்பல் தலைவர் அல் கபோன் 1931-இல் வரி ஏய்ப்புக்காக 11 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்ற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சூதாட்ட விடுதியின் பேரேடு சில ஆண்டுகளுக்கு முன்பே கைப்பற்றப்பட்டிருந்தும், அதை எழுதியவர் யார் என்று தெரியாதவரை பயன்படவில்லை. வரித்துறை அதிகாரி ஃபிராங்க் வில்சனும் உடன் இருந்த புலனாய்வாளர்களும் பேரேட்டின் கையெழுத்தை வங்கிச் சலான்களோடு ஒப்பிட்டு, எழுதிய காசாளரைக் கண்டுபிடித்து, அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். இன்று கையெழுத்துக்குப் பதிலாகப் பயனர் பெயரும் உள்நுழைவுப் பதிவும் கிடைக்கின்றன. ஆனால் அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்திருந்தால் பயனர் பெயர் எவரையும் அடையாளம் காட்டாது. தேர்வுக்காக விதிகளைப் படிக்கும்போதே இதையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீட்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகத் தருகிறேன் என்று நிபுணரிடம் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். ஏன்?

பதில்: அவர் மறுத்தது உங்கள் நன்மைக்கே. வழக்கின் முடிவில் பங்கு உள்ளவர் சொல்லும் தொகையை எந்த நீதிபதியும் ஐயத்தோடுதான் பார்ப்பார். உழைத்த நேரத்துக்கோ, ஒப்புக்கொண்ட வேலைக்கோ மட்டும் கட்டணம் கொடுங்கள்.

கேள்வி: நான் இளம் வழக்கறிஞர். முதன்முறையாக நிதி மோசடி வழக்கு ஒன்றில் வாதியின் சார்பில் வாதாடப்போகிறேன். எங்கள் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் கணக்கு நிபுணர்கள் உண்டு. எங்கள் நிபுணரின் அறிக்கை முந்நூறு பக்கங்களுக்கு மேல் போகிறது. எப்படித் தயாராவது?

பதில்: அந்த முந்நூறு பக்கங்களையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று உங்கள் நிபுணரிடம் கேளுங்கள். 2002-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்டுகாமில் சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைப் பிரிவு கண்டுபிடித்த மோசடி, முதல் அறிவிப்பிலேயே 380 கோடி டாலரைத் தாண்டியது. பின்னர் இன்னும் பெருகியது. ஆயினும் அதன் சாரம் எளியது: பிற நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகளைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதி, லாபத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். கணக்கு அறியாதவரும் இதைப் புரிந்துகொள்வார். இத்தகைய ஒரு வாக்கியம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், ஆய்வு இன்னும் முடியவில்லை என்றே நான் கருதுவேன்.

அடுத்து, எண் எங்கே முடிகிறது, நோக்கம் எங்கே தொடங்குகிறது என்பதில் தெளிவாக இருங்கள். தவறான பதிவு பிழையாகவும் இருக்கலாம். அது திரும்பத் திரும்ப ஒரே திசையில் நடந்திருப்பது, மூல ஆவணம் இல்லாமல் காலாண்டு முடிவில் மட்டும் எழுதப்பட்டிருப்பது, கேட்டவரிடம் மறைக்கப்பட்டிருப்பது, எழுதியவருக்கே ஆதாயம் சென்றிருப்பது ஆகியவை சேர்ந்துதான் நோக்கத்தைக் காட்டும். இவற்றை நிபுணர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கட்டும். ‘இவர் மோசடி செய்தார்’ என்ற முடிவை அவர் வாயால் சொல்லவைக்க முயலாதீர்கள். அது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. எல்லை தாண்டிப் பேசிய நிபுணரின் சரியான கணக்கும் மதிப்பிழந்து போகும்.

நிபுணர் முதலில் கடமைப்பட்டிருப்பது நீதிமன்றத்துக்குத்தான். கட்டணம் தருபவருக்கு இல்லை. இங்கிலாந்தில் இகாரியன் ரீஃபர் கப்பல் வழக்கின் 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதைத் தெளிவாக வகுத்துரைத்தது. 2011-இல் ஜோன்ஸ் எதிர் கேனி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கவனமின்றிச் செயல்பட்ட நிபுணர்மீது அவரை நியமித்தவரே வழக்குத் தொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் நிபுணரின் முறை நம்பத்தக்கதா என்று நீதிபதி முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்ற 1993-ஆம் ஆண்டின் டாபர்ட் தீர்ப்பு, 1999-இல் கும்ஹோ டயர் வழக்கின் மூலம் அறிவியல் சாராத நிபுணர்களுக்கும் விரிந்தது. கணக்காய்வாளர்களும் அதில் அடங்குவர்.

எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது கூட்டல் கழித்தலில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அதில் அவர் பெரும்பாலும் தவறியிருக்கமாட்டார். அவர் எடுத்துக்கொண்ட அனுமானங்களைக் கேளுங்கள். எந்த ஆவணங்கள் அவருக்குக் கொடுக்கப்படவில்லை, அவற்றை அவர் கேட்டாரா, ஓர் அனுமானத்தை மாற்றினால் இழப்புத் தொகை எவ்வளவு மாறும் என்று படிப்படியாகப் போங்கள். அதே கேள்விகளை முந்தைய வாரமே உங்கள் நிபுணரிடமும் கேட்டுவிடுங்கள். மேலும், அவரை அறிக்கை எழுதுவதற்காக மட்டும் கடைசி நேரத்தில் அழைக்காமல், வழக்குரையை எழுதும்போதே அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆவணங்களை நீதிமன்றத்தின் வழியாகக் கேட்டுப் பெற வேண்டும் என்பது உங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

கேள்வி: அதிக வருமானம் தருவதாகச் சொன்ன முதலீட்டுத் திட்டத்தில் என் சேமிப்பைப் போட்டேன். கடைசியாக வந்த அறிக்கையில் என் பணம் மூன்று மடங்காகியிருந்தது. திட்டம் கவிழ்ந்துவிட்டது. நான் இழந்தது அந்த மூன்று மடங்குத் தொகைதானே? எல்லோருடைய பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்ட பிறகு மீட்க வழி உண்டா?

பதில்: உங்கள் வேதனை புரிகிறது; ஆனால் அந்த மூன்று மடங்கு தாளில் மட்டுமே இருந்தது. 2008-இல் வெளிப்பட்ட பெர்னார்ட் மேடாஃப் மோசடியில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அறிக்கைகள் ஏறக்குறைய 6,500 கோடி டாலரைக் காட்டின. அதில் பெரும்பகுதி ஒருபோதும் ஈட்டப்படாத லாபம். ஒவ்வொருவரும் போட்ட பணத்திலிருந்து எடுத்த பணத்தைக் கழித்து வருவதே உரிமைத் தொகை என்று, பணத்தை மீட்டுப் பங்கிட நியமிக்கப்பட்ட பொறுப்பாளர் கணக்கிட்டதை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. பொய் அறிக்கையின்படி பங்கிட்டிருந்தால், முன்பே லாபம் என்ற பெயரில் பிறர் பணத்தை எடுத்துச் சென்றவர்களுக்கு, அசலையே இழந்தவர்களைக் காட்டிலும் அதிகம் கிடைத்திருக்கும்.

கலந்துவிட்ட பணத்தைத் தேடிச் செல்லவும் முறைகள் உண்டு. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், நம்பி ஒப்படைத்த பணத்தைத் தன் பணத்தோடு கலந்தவர் முதலில் தன் பணத்தையே செலவு செய்தார் என்று கொள்ளும் விதி 1880-ஆம் ஆண்டின் ஹாலெட் வழக்கிலிருந்து வழங்குகிறது. கணக்கின் இருப்பு இடையில் எவ்வளவு தாழ்ந்ததோ, அதற்கு மேல் அந்தக் கணக்கில் உரிமை கோர முடியாது என்பதும் பின்னர் வந்த விதி. ஆகவே நிபுணர் ஒவ்வொரு நாளின் இருப்பையும் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கும். பணம் வேறு பெயர்களுக்குத் தாவுவதற்கு முன் சொத்து முடக்க உத்தரவு பெறுவது அவசரமானது. பாதிக்கப்பட்ட மற்றவர்களோடு சேர்ந்து வழக்கறிஞரை உடனே அணுகுங்கள். திட்டத்தினர் அனுப்பிய அறிக்கைகளைத் திரட்டுவதற்கு முன், உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியே போன பதிவுகளைத் திரட்டுங்கள். இடையில் நீங்கள் திரும்பப் பெற்ற தொகை ஏதேனும் இருந்தால் அதையும் விடாமல் எழுதிக் கொடுங்கள். எப்படியும் அது எதிர்த்தரப்பின் ஏட்டில் இருக்கும்.