தினசரி வேலை அழுத்தம் முற்றிப்போய் உடம்பைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் ஐ.டி.யிலோ வங்கியிலோ இருப்பவர் என்று நினைக்கிறேன். 'லேப்டாப்பை மூடினாலும் மண்டைக்குள் வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு எல்லாரும் தியானம், மூச்சுப் பயிற்சி, காலை நடை என்றுதான் சொல்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போய் இரவு ஒன்பதரைக்கு வெளியே வருகிறவள் எப்போது நடப்பது? மன அழுத்தம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதுபோலப் பேசுவதைக் கேட்டால் மனசு வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பட்டுப் பிரிவில் சூப்பர்வைசர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆடித் தள்ளுபடி தொடங்கி தீபாவளி வரை எனக்கு லீவு என்று நாலைந்து நாள்தான் கிடைத்திருக்கும். நானும் கேட்கவில்லை. சூப்பர்வைசரே லீவு கேட்டால் மற்ற பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

முகூர்த்தப் பட்டு எடுத்துக் கொடுப்பது எனக்கு உயிர். அரக்குச் சிவப்பு கடை விளக்கில் ஒரு மாதிரியும் பகல் வெளிச்சத்தில் வேறு மாதிரியும் தெரியும். அதனால் கல்யாணப் பெண்ணை ஜன்னல் பக்கம் அழைத்துப் போய், முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியைக் காட்டுவேன். அந்த ஐப்பசியில் ஒரு அம்மா, "இது என் பொண்ணுக்கு எடுப்பா இருக்குமா, பாரும்மா" என்று கேட்டார். "எதை எடுத்தாலும் ஒண்ணுதாம்மா, சீக்கிரம் சொல்லுங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் புடவையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு வருத்தம்கூட வரவில்லை.

அடுத்த வாரம் குளிர் காய்ச்சல். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போறீங்க?" இரண்டு தடவை என்றேன். கழிப்பறை நான்காவது மாடியில். சீசனில் கவுண்டரை விட்டு நகர முடியாது, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. எங்கள் தளத்தில் பாதிப் பெண்கள் இப்படித்தான் இருந்தோம். சிறுநீர்த் தொற்று, ரத்த அழுத்தம் 150/100, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது.

நர்சிங் படிக்கும் என் மகள்தான் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்து அழுத்தம் சரிசெய்யப்படாமல் நீண்டுகொண்டே போவதால் வரும் நிலை என்று விளக்கியிருக்கிறது. அடையாளம் மூன்று. உடம்பில் தெம்பே இல்லாமல் போவது, வேலையில் மனம் விட்டுப்போவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, முன்பு போல வேலை ஓடாமல் போவது. இரண்டாவதை அவள் படித்தபோது அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வேலையிடத்தில் வந்ததை வீட்டில் மூச்சுப் பயிற்சி செய்து எப்படித் தீர்ப்பது?

2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் தளத்திலும் இரண்டு ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து போன் வரும். முதலாளியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், என் மகள் படிப்புக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். நேரே அவரிடமே போய்ப் பேசினேன். மூன்றிலிருந்து ஐந்து வரை கூட்டம் குறையும், அப்போது இரண்டிரண்டு பேராகக் கால் மணி நேரம் உட்காருகிறோம். பதினொன்றுக்கும் நாலுக்கும் ஒருத்தி கவுண்டரைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தி மேலே போய் வருகிறாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் தவிர யாருடைய வார லீவும் தள்ளிப்போவதில்லை. விற்பனை குறையவில்லை என்று மாதாமாதம் பில் கணக்கைக் காட்டித்தான் இதை நிற்க வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஆறு ஸ்டூல் இருக்கிறது. மாத்திரையும் சாப்பிடுகிறேன், ஸ்டூலால் மட்டும் பிரஷர் இறங்கியது என்று சொல்ல வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆடி வந்தால் எங்கள் தெருவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி விடிகாலை நாலரைக்குப் பாட்டுப் போடுகிறார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி இருக்கிறது. நானும் கூழ் ஊற்றுகிறவள்தான், அம்மனுக்கு விரோதி இல்லை. பதினோரு மணிக்குப் படுக்கிற பெண்கள் அந்தத் தெருவில் எத்தனை பேர் என்று கமிட்டிக்காரர்கள் ஒருநாளாவது எண்ணிப் பார்க்கலாம்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். இரவு பத்து மணிக்கு வரும் ஆபீஸ் மெசேஜோ, சாப்பாட்டு நேரத்தில் வைக்கும் மீட்டிங்கோ, எது உங்களை அதிகம் அரிக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் பேசுங்கள். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் ஓடினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று அரசு நடத்துகிற இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

'பிடிக்கவில்லை என்றால் வேலையை விட வேண்டியதுதானே' என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். போன வைகாசியில் ஒரு பெண் அரக்குதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். ஜன்னலோரம் அழைத்துப் போய் மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்டதைத் தோளில் வைத்துக் காட்டினேன். அதையே எடுத்துக்கொண்டு போனாள்.