‘டக்’ என்று ஒரே சத்தம்: ஸ்டார்ட்டரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் நான்கு ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி இருக்கிறது. கடலில்தான் ஓட்டுகிறேன். இரண்டு மாதம் சும்மா நின்றது. இப்போது பட்டனை அழுத்தினால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை. புது பேட்டரி போட்டும் அதேதான். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ‘டக்’ சத்தத்தை மட்டும் வைத்து ஸ்டார்ட்டர்மேல் பழி போட முடியாது. அது பெரும்பாலும் ரிலேயின் சத்தம், அதாவது பட்டனை அழுத்தியதும் பேட்டரி மின்சாரத்தை ஸ்டார்ட்டருக்கு அனுப்பும் சுவிட்ச். ரிலே பேசுகிறது என்றால் சாவிக் கயிறு, ஃப்யூஸ், ஸ்டார்ட் பட்டன் எல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்று அர்த்தம். கோளாறு அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்போதைக்கு அந்தப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீரில் முட்டி நிற்கும். நல்ல பேட்டரியை வைத்து விடாமல் முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

சீட்டைக் கழற்றி உள்ளே நன்றாகக் காற்றாட விடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அது போகும்வரை எதையும் தொட வேண்டாம். பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் எடுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் டிரைவ் ஷாஃப்ட் சேருமிடத்தில் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் எஞ்சின் இறுகவில்லை. சுற்றவே இல்லையென்றால், உடனே எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். அடியில் இருக்கும் கம்பித் தடுப்பு வழியாக எட்டிப் பாருங்கள். இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினும், தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறியான இம்பெல்லரும் நேரடியாக இணைந்திருக்கும், நடுவில் கிளட்ச் கிடையாது. ஷாஃப்டில் சுற்றிய ஒரு கயிறு போதும், எஞ்சினையே பூட்டிவிடும்.

சுற்றும்போது பிளக் துளை வழியாகத் தண்ணீர் வந்தால், கடைசியாகக் குழாய் போட்டுக் கழுவியபோது வரிசை தவறியிருக்கலாம். முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். எஞ்சின் ஓடாதபோது குழாய் திறந்திருந்தால், தண்ணீர் எக்ஸாஸ்ட்டில் நிறைந்து பின்வழியாக சிலிண்டருக்குள் வந்துவிடும். அப்படி வந்திருந்தால் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. தண்ணீரை முழுவதும் வெளியேற்றி, அன்றைக்கே எஞ்சினை ஓடவைப்பது நல்லது. உப்புத் தண்ணீர் துருப்பிடிக்க நாள்கணக்கில் காத்திருக்காது.

உள்ளே தண்ணீர் இல்லை, எஞ்சினும் கையால் சுற்றுகிறது. சரி, இனி மல்டிமீட்டர். பிளக்குகளை மாட்டி, நெகடிவ் கேபிளையும் இணைத்துவிடுங்கள். புது பேட்டரி என்றால் முழு சார்ஜ் என்று நம்ப வேண்டாம். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இப்போது மீட்டரை பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, பட்டனை இரண்டு விநாடி அழுத்தச் சொல்லுங்கள். 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் ஒன்று பேட்டரி பலவீனம், இல்லையென்றால் மோட்டார் உள்ளே இறுகிப்போய் மின்சாரத்தை விழுங்குகிறது. அசையாமல் 12.5-லேயே நின்றால், மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவே இல்லை. பேட்டரி மாற்றியும் பலன் இல்லாத உங்கள் வண்டியில் இப்படி 12.5-லேயே நிற்பதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளிலும் மீட்டரின் இரு முனைகளையும் வைத்துப் பட்டனை அழுத்தினால், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 12 காட்டினால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது. சத்தம் மட்டும் வரும், மின்சாரம் தாண்டாது. ஸ்டார்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் ரிலே மிகச் சின்னச் செலவு. (ஸ்க்ரூடிரைவரால் அந்த இரண்டு போல்ட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மூடிய படகுக்குள் பெட்ரோல் ஆவி நடுவே தீப்பொறி வேண்டாம்.)

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகடிவுக்குத் திரும்பும் வழி. கடலில் ஓடும் வண்டியில் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன்மேல்தான். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகடிவில், மறு முனை ஸ்டார்ட்டரின் உடம்பில். பட்டனை அழுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ களிம்பு பிடித்திருக்கிறது. வெளியே பளபளவென்று இருக்கும் கேபிள்கூட, ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே பச்சையாகப் பொடிந்து கிடக்கும். எஞ்சினில் அது இணையும் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே கிரீஸ் தடவுங்கள். கேபிளே உள்ளே அரித்துப் போயிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும், பட்டனை அழுத்தும்போது ஸ்டார்ட்டரின் டெர்மினலுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 11 வோல்ட்டுக்கு மேல் இருந்து மோட்டார் அசையாமல் இருந்தால், மெக்கானிக் சொன்னதுதான் உண்மை. அப்போதும் கழற்றித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் பிழைக்கும். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் முழுக்கத் துரு என்றால் புதிதுதான். வாங்கும்போது உங்கள் மாடலுக்கென்று, நீர் புகாதபடி சீல் செய்ததையே வாங்குங்கள். கார், பைக்குக்கு வரும் மோட்டார் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அடியில் தேங்கும் தண்ணீருக்குத் தாங்காது. மாட்டும்முன் புது ஓ-ரிங் போட்டு, எஞ்சினில் அது உட்காரும் இடத்தையும் நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் மோட்டாருக்கு எர்த் கிடைப்பது அந்த இடத்தின் வழியாகத்தான்.