நோய்க்கிருமி நம் செல்லைப் பற்றிக்கொள்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சிறுநீர் வேகமாக வெளியேறும்போது பாக்டீரியாவும் அடித்துச் செல்லப்பட வேண்டுமே, பிறகு எப்படித் தொற்று உண்டாகிறது?

பதில்: பெரும்பாலானவை அடித்துத்தான் செல்லப்படுகின்றன, ஒட்டிக்கொள்ளத் தெரிந்தவையே தங்குகின்றன. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலியின் மேற்பரப்பில் பிலி எனப்படும் மெல்லிய புரத இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியிலுள்ள ஃபிம்ஹெச் என்னும் புரதம், சிறுநீர்ப்பையின் உட்புறச் செல்கள்மீதுள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. சிறுநீரின் வேகம் கூடி இழுவிசை அதிகரிக்கும்போது இந்தப் பிடி தளர்வதற்குப் பதிலாக மேலும் இறுகுகிறது என்பதும், சுருளாக அமைந்த இழை பிரிந்து நீண்டு அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்கிறது என்பதும், இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்திகள்.

கேள்வி: ஒரே கிருமி எல்லா உயிர்களிடத்தும் ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. உணவு வழியே தொற்றும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா மனிதக் குடற்செல்லின் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றுகிறது. எலியின் ஈ-கேட்ஹெரினில் 16ஆவது அமினோ அமிலம் வேறாக இருப்பதால் அங்கே அந்தப் பிடி கிடைப்பதில்லை. ஒரே ஒரு அமினோ அமிலம்தான்! அதனால்தான் எலியில் கண்ட முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று மாணவர்களிடம் வலியுறுத்துகிறேன்.

கேள்வி: கிருமி பற்றிக்கொள்வதற்குப் பொருத்தமான ஏற்பி, அதாவது பிடிப்பிடம், செல்லில் இல்லாவிட்டால்?

பதில்: குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒருவகை ஈ.கோலி, ஊசி போன்ற அமைப்பின் வழியாக டிர் என்னும் தன் சொந்தப் புரதத்தையே குடற்செல்லுக்குள் செலுத்துகிறது. அப்புரதம் செல்சவ்வில் பதிந்து ஏற்பியாக நிற்க, பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள இன்டிமின் என்னும் புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்னும் புரத இழைகள் அவ்விடத்தில் திரண்டு, கிருமியின் அடியில் ஒரு மேடையையே எழுப்பிவிடுகின்றன.

கேள்வி: மேனோஸ் பொடியைச் சாப்பிட்டால் ஈ.கோலி ஏமாந்து வெளியேறிவிடும் என்கிறார்களே?

பதில்: கருத்து நியாயமானதே, ஆனால் சான்று அதற்குத் துணைநிற்கவில்லை. அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகும் 598 பெண்களைக் கொண்டு பிரிட்டனில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் தினமும் மேனோஸ் உட்கொண்டவர்களுக்கும் மருந்தற்ற பொடியை உட்கொண்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சாதாரண மேனோஸ் ஃபிம்ஹெச்சுடன் வலுவின்றியே பிணைகிறது. பன்மடங்கு இறுக்கமாகப் பிணையுமாறு வடிவமைத்த மேனோசைடுகள் என்னும் மேனோஸ் சார்ந்த சேர்மங்கள் எலிகளில் பலன் தந்துள்ளன என்பதால், என் நம்பிக்கை அந்தத் திசையில்தான் இருக்கிறது. தொற்று உள்ளவர்கள் பொடியை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஒட்டும் புரதத்துக்கு எதிராகவே தடுப்பூசி போட முடியாதா?

பதில்: முடியும். கக்குவான் இருமலுக்கான செல்லற்ற தடுப்பூசிகள் (முழுக் கிருமி இல்லாமல் அதன் சில புரதங்களை மட்டும் கொண்டவை) பலவற்றில், கிருமி மூச்சுக்குழாயில் ஒட்டப் பயன்படும் இழைப் புரதமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் வெட்டைநோய்க் கிருமி தன் பிலியின் புரத அமைப்பை ஓயாமல் மாற்றிக்கொள்வதால், ஒரு வடிவத்துக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் அடுத்த வடிவத்தை அடையாளம் காண்பதில்லை.