பாதி அடைத்த கடன்தான் ஆபத்து

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதானே: கணவன் மனைவி இரண்டு பேரும் பிஆர் (நிரந்தரவாசி), சிங்கப்பூர் செம்பவாங்கில் 520,000 வெள்ளிக்கு (டாலருக்கு) நாலறை மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறீர்கள், வங்கிக் கடன் 390,000, இரண்டு வருஷத்துக்கு மாறாத வட்டி 3 விழுக்காடு, 25 வருஷத் தவணை. சிபிஎஃப் (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கில் ஆளுக்கு 30,000 இருக்கிறது, போனஸில் சேர்த்த ரொக்கம் 40,000. மொத்தம் 100,000. அதை அப்படியே கடனில் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா என்கிறீர்கள். கூடவே எந்த வங்கி நல்லது, பிள்ளைக்கு எந்தப் பள்ளி, திருச்சியில் மனை வாங்கலாமா என்று மூன்று கேள்வி. வங்கி எதுவானாலும் ஒன்றுதான், அந்தந்த மாதம் யார் வட்டியைக் குறைக்கிறார்களோ அவர்தான் நல்லவர். பள்ளிக்கூடம் பற்றி இங்கே வேறு யாராவது பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மனை உங்கள் இஷ்டம், எனக்குத் தெரிந்து வாங்கிப் போட்டவர்கள் எல்லாம் வேலி பிடுங்கினானா, கல்லை நகர்த்தினானா என்று பார்க்கவே லீவு போட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கடன் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பதறியது.

100,000 போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? இப்போது மாதத் தவணை 1,850 வெள்ளி பக்கம் வரும். 100,000 கட்டி மீதி 290,000க்குத் தவணையைத் திருத்தி வாங்கினாலும் 1,375 பக்கம் வரும். வங்கி அதை முன்பணமாக வைத்துக்கொண்டு, 'சரி, இவர் நிறையக் கட்டிவிட்டார், அடுத்த நாலு வருஷம் சும்மா விடுவோம்' என்று சொல்லாது. அடுத்த மாதமே தவணை வந்து நிற்கும். கையில் ரொக்கமும் இல்லை, சிபிஎஃப்பிலும் இல்லை, தவணை மட்டும் இருக்கிறது. கடன் முழுசாக இருக்கிறவனுக்குக் கையில் காசாவது இருக்கும், கடனே இல்லாதவனுக்குத் தவணை இருக்காது, இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கிறவன் பாடுதான் திண்டாட்டம். முழுசாக அடைக்க முடிகிற அன்றைக்கு அடையுங்கள், அதுவரை பாதி அடைத்துக் கையைக் காலி பண்ணாதீர்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். கணக்கை மட்டும் கீழே போட்டுக் காட்டுகிறேன், நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், அந்தப் பழக்கம் போகாது.

முதலில் சிபிஎஃப். சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு வட்டி என்றுதான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மொத்தச் சேமிப்பில் முதல் 60,000க்கு 1 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கிறது, அதில் சாதாரணக் கணக்கின் 20,000 வரை சேரும். அந்தக் கூடுதல் வட்டி ஓய்வுக் காலத்துக்கான சிறப்புக் கணக்கில் போய் விழும், அதனால்தான் பலர் கவனிப்பதே இல்லை. ஆக உங்கள் இரண்டு பேருக்கும் தலா 20,000 என்பது 3.5 விழுக்காடு சம்பாதிக்கிற காசு. 40,000க்கு 1,400, மிச்சம் 20,000க்கு 2.5 விழுக்காட்டில் 500, வருஷத்துக்கு 1,900 வெள்ளி. அதே 60,000ஐக் கொண்டுபோய் 3 விழுக்காட்டுக் கடனில் போட்டால் மிச்சமாகும் வட்டி 1,800. 1,900ஐ விட்டு 1,800ஐப் பிடிக்க எதற்கு இத்தனை அவசரம்?

இதற்கு மேல் அபராதம் வேறு. மாறாத வட்டித் திட்டம் என்றால் கட்டுப்பாட்டுக் காலம் இருக்கும். அதற்குள் கூடுதலாகக் கட்டினால் கட்டும் தொகையில் பெரும்பாலும் 1.5 விழுக்காடு அபராதம். 100,000க்கு 1,500 வெள்ளி, அதாவது ஒரு வருஷத்தில் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிற 3,000இல் பாதி போயிற்று. சில திட்டங்களில் கொஞ்சம் தொகை வரை அபராதமில்லாமல் கட்ட விடுவார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் படியுங்கள், கையெழுத்துப் போட்ட அன்றே அதை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

அப்புறம், வீட்டுக்குள் போன காசைத் திரும்ப எடுக்கவே முடியாது. தனியார் வீட்டின் மேல் மறுபடி கடன் வாங்கிக் காசு எடுப்பது போல உங்களுடையது மாதிரி வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் செய்ய விட மாட்டார்கள். விற்றால்தான் உண்டு. விற்பதற்கு ஐந்து வருஷம் குடியிருந்தாக வேண்டும். அதற்கு மேலும், ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்கிற இன விகிதம் என்று ஒன்று 1989இல் இருந்து இருக்கிறது. உங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டால் நீங்கள் சீனருக்கு விற்க முடியாது, வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். விலையும் குறையும், காத்திருப்பும் நீளும். ஆரம்பத்தில் இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் வீடு பார்க்கும்போது இதைக் கேட்கிற நம்மவர்கள் குறைவு. எம்ஆர்டி ரயில் எவ்வளவு தூரம், தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவுக்கு) நேர் பஸ் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி.

விற்றாலும் சிபிஎஃப்பில் இருந்து எடுத்த காசு உங்கள் கைக்கு வராது. எடுத்த தொகையும் அது அங்கேயே இருந்திருந்தால் வந்திருக்கும் 2.5 விழுக்காடு வட்டியும் சேர்ந்து சிபிஎஃப் கணக்குக்கே திரும்பிப் போகும். உங்கள் 60,000ஐ எடுத்தால் 20 வருஷத்தில் 98,300 தாண்டிவிடும். அதை ஏதோ அரசாங்கம் பிடுங்கிக்கொள்கிறது என்று டீக்கடையில் புலம்புகிறவர்களை நம்பாதீர்கள், அது உங்கள் கணக்குக்குத்தான் போகிறது. ஆனால் நீங்கள் கட்டிய ரொக்கம் இந்தக் கணக்கில் சேராது என்பதால், விற்றபின் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம் என்றால், கட்டுப்பாட்டுக் காலம் முடிவதற்கு மூன்று நாலு மாதம் முன்பே வேறு வட்டித் திட்டம் தேட ஆரம்பியுங்கள், அதே வங்கியிலோ வேறு வங்கியிலோ. 2022 கடைசியில் 4 விழுக்காட்டைத் தாண்டிய மாறாத வட்டி 2025இல் நன்றாகவே இறங்கியது. 390,000க்கு 1 விழுக்காடு குறைந்தால் முதல் வருஷமே 3,900 வெள்ளி மிச்சம். 100,000ஐத் தூக்கிக் கொடுத்து நீங்கள் மிச்சம் பிடிப்பதைவிட இது அதிகம், வக்கீல் கட்டணம் போக எந்தக் காசும் போட வேண்டியதில்லை. இதைச் செய்ய அலுப்பு, கடனில் காசைக் கொட்ட மட்டும் ஆர்வம். எனக்குப் புரியாத விஷயம் இது.

இல்லை, புரிகிறது. நாம் வளர்ந்த இடம் அப்படி. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தெருவில் கடன் என்றால் கந்துவட்டிக்காரன் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சத்தம் போடுவதுதான். நகையை அடகு வைத்துவிட்டு மீட்கிற வரைக்கும் அம்மா கல்யாண வீடுகளுக்குப் போக மாட்டார். அந்தப் பயத்தோடு வந்தவர்களுக்கு 3 விழுக்காடும் 36 விழுக்காடும் ஒரே மாதிரிதான் தெரியும். கடனில்லாத மனுஷன் என்று ஊரில் சொல்லிக்கொள்ள ஆசை.

2011, 2012 வாக்கில் இந்த ஆசையைக் கண்கூடாகப் பார்த்தேன். அப்போது வங்கிகள் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைத்திருந்த சிபோர் அரை விழுக்காட்டுக்கும் கீழே கிடந்தது, எங்கள் வங்கிக் கடனுக்கு வட்டி ஒன்றேகால் விழுக்காடு போலத்தான் வந்தது. சிபிஎஃப்பில் 2.5 கிடைக்கிறது. எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்கிலும் நம்ம ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிபிஎஃப்பைத் துடைத்துக் கடனை அடைத்தார்கள், அதுவும் பாதி. அடைத்தபின் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, 'நீங்க இன்னும் கட்டிக்கிட்டேதான் இருக்கீங்களா அக்கா' என்று பரிதாபமாகக் கேட்பார்கள். முறுக்கை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பேன். 2022இல் வட்டி ஏறியபோது அவர்களிடம் மீதிக் கடன் இருந்தது, அடைக்கக் காசு இல்லை. எங்களிடம் இருந்தது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

சிபிஎஃப்பைத் தொடாமல் வைத்ததற்குக் காரணம் வட்டி மட்டுமில்லை. 2009 ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. வீடு வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, பெரியவள் பாலர் பள்ளி, எனக்குச் சம்பளம் குறைவு. பல மாதம் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் வீட்டுத் தவணை முழுக்கச் சாதாரணக் கணக்கில் இருந்த காசில்தான் போனது. சம்பளமே வராவிட்டாலும் அதில் இருப்பு இருக்கும்வரை தவணை தானாகப் போய்க்கொண்டிருக்கும். என் சம்பளம் அரிசிக்கும் பாலுக்கும் மின்கட்டணத்துக்கும் போதுமானதாக இருந்தது. சிபிஎஃப் காசில் அரிசி வாங்க முடியாது, அதனால் ரொக்கமும் தனியாக வேண்டும். உங்கள் 40,000 அதற்குத்தான். ஆறு மாதச் செலவுக்காவது ஒதுக்குங்கள். நீங்கள் குடியுரிமை உள்ளவர் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். வேலை போய் பிஆரை விட்டு ஊருக்கே போகிற நிலை வந்தால் வீட்டையும் விற்றுவிட்டுத்தான் போக வேண்டும், அவசரத்தில் விற்கிற வீட்டுக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

சிறப்புக் கணக்குக்கு மாற்றினால் 4 விழுக்காடு என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். மாற்றினால் திரும்ப வராது, வீட்டுக்கும் பயன்படாது. 30 வயசில், அதுவும் தவணை இருக்கும்போது, வேண்டாம்.

இன்றைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. நாங்கள் 2002இல் வந்தபோது ஒரு வெள்ளி 27 ரூபாய். யீஷூனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்காரம்மா நம்ம ஊர்க்காரர்தான், நமக்கு முன்னால் வந்தவர், நம்மைப் பிழிவதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் ஏர்கான், துணி துவைக்க வாரத்தில் இரண்டு நாள், கடுகு தாளிக்கக் கூடாது. அவரும் தமிழர், அவர் வீட்டிலும் சாம்பார்தான், ஆனால் நாங்கள் தாளித்தால் சுவரில் வாசனை பிடித்துவிடுமாம். அடுத்த வருஷம் சார்ஸ் வந்தது, நான் ஒருநாள் லேசாக இருமியதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாடகைக்கு விடும் சீன வீட்டு உரிமையாளர்கள் 'இந்தியர் வேண்டாம்' என்று விளம்பரம் போட்ட காலம், அதனால் எங்கே போவது என்று தெரியாமல் அவரிடமே கெஞ்சி இருந்தோம். அப்போதே முடிவு செய்தேன், மூவறையோ இரண்டறையோ, எங்கள் பெயரில் ஒரு வீடு. 2006இல் யீஷூனிலேயே பழைய மூவறை வீடு வாங்கினோம். அப்போது மறுவிற்பனை வீடு வாங்க பிஆருக்கு மூன்று வருஷக் காத்திருப்பு இல்லை, அது 2013இல்தான் வந்தது. உங்கள் தலைமுறைக்கு அது ஒரு கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

கடனை 2022 கடைசியில் முழுசாக அடைத்தோம். மூன்று மாதம் முன்பே வங்கிக்குச் சொல்ல வேண்டியிருந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அடமானத்தை நீக்க வக்கீல் கட்டணமும் உண்டு. கடன் முடிந்தால் அதோடு இருந்த வீட்டுப் பாதுகாப்புக் காப்புறுதியும் முடிந்துவிடும், ஆயுள் காப்புறுதி தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் படிப்புக்கு ரொக்கம் தொடாமல் இருந்தது, என் வீட்டுக்காரர் சாதாரணக் கணக்கிலும் கொஞ்சம் விட்டுவைத்தோம். கடைசிக் கடிதம் வந்த அன்று வீட்டுக்காரர் பிரியாணி கேட்டார். வக்கீல் பில்லைப் பார்த்த கடுப்பில் நான் ரசம்தான் வைத்தேன், கடுகு மட்டும் இரண்டு பங்கு போட்டுத் தாளித்தேன்.